பைக்கில் அவசர டூல் கிட்: அளந்து வாங்குவது முதல் ரோட்டில் பிரிப்பது வரை

புதிதாக லாங் ரைடு கிளம்புகிறவர்கள் முதலில் செய்வது 46 உருப்படி கொண்ட ஒரு டூல் பெட்டியை ஆன்லைனில் வாங்குவது. அதில் பாதி அவர்கள் வண்டியில் எந்த நட்டுக்கும் பொருந்தாது. பொருந்துகிற பாதியில் பின் ஆக்சில் நட்டுக்கானது இருக்காது, ஏனென்றால் அந்தப் பெட்டிகளில் சாக்கெட் பெரும்பாலும் 14 மி.மீ.யோடு நின்றுவிடும். சிறுமலைக்கும் மேகமலைக்கும் என்னோடு வந்த தம்பிகளிடம் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன். அதனால் இங்கே கடைக்குப் போவது மூன்றாவது வேலை. முதல் வேலை வீட்டு வாசலில்.

1. வண்டியோடு ஒரு மதியம்

தேவையானவை: கம்பெனி கொடுத்த டூல் பை, ஒரு நோட்டு, தெரிந்த மெக்கானிக்கிடம் இரவல் வாங்கிய முழு ஸ்பேனர் செட். மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டார் என்றால் சனிக்கிழமை சாயங்காலமே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, முன்னாலிருந்து பின்னால் வரை ஒவ்வொரு நட்டிலும் ஸ்பேனரை மாட்டிப் பாருங்கள். கழற்ற வேண்டாம், எந்த நம்பர் கச்சிதமாக உட்காருகிறது என்று எழுதினால் போதும். பார்க்க வேண்டிய இடங்கள்: சைடு கவர், பேட்டரி முனைகள், பியூஸ் பெட்டி, ஸ்பார்க் பிளக், கிளட்ச், பிரேக் லீவர் போல்ட், கிளட்ச் கேபிள் அட்ஜஸ்டர், செயின் அட்ஜஸ்டர், முன் பின் ஆக்சில்.

என் வண்டியில் பேட்டரிக்கும் லீவருக்கும் 10, செயின் அட்ஜஸ்டருக்கு 12, முன் ஆக்சிலுக்கு 17, பின் ஆக்சிலுக்கு 24. உங்கள் வண்டியில் வேறாக இருக்கும், இதைப் பார்த்து எழுதிக்கொள்ளாதீர்கள்.

இங்கே எல்லோரும் விடுகிற தப்பு ஒன்று உண்டு. ஆக்சிலில் நட்டு பக்கம் மட்டும் அளப்பார்கள். சில வண்டிகளில் எதிர்ப்பக்கம் தலையைப் பிடிக்காவிட்டால் நட்டோடு சேர்ந்து ஆக்சிலும் சுற்றும். அதனால் இரண்டு பக்கமும் அளந்து எழுதுங்கள்.

அப்புறம் பின் ஆக்சில் நட்டு உங்கள் கைக்குத் தளர்கிறதா என்று பாருங்கள். சர்வீசில் ஏர் கன் வைத்து இறுக்கி அனுப்பியிருந்தால், கம்பெனி கொடுத்த குட்டை ஸ்பேனரில் அது அசையாது. இது தெரியவேண்டிய இடம் வீட்டு வாசல், ஆண்டிபட்டி கணவாய் அல்ல. அசையவில்லை என்றால் மேனுவலில் போட்டிருக்கும் டார்க் (இறுக்கும் விசை) அளவுக்கு மட்டும் இறுக்கித் தரச் சொல்லி வாங்குங்கள். ஸ்பேனர் பிடிக்குள் நுழைகிற ஒரு சாண் இரும்புக் குழாயும் உதவும்.

2. டயர் எந்த வகை என்று உறுதி செய்வது

டியூப் டயருக்கும் டியூப்லெஸ் டயருக்கும் வேண்டிய சாமான்கள் முற்றிலும் வேறு. தப்பான கிட்டைச் சுமப்பதும் சும்மா போவதும் ஒன்றுதான்.

ஸ்போக் கம்பி வீல் என்றால் பெரும்பாலும் டியூப். அலாய் வீல் என்றால் டியூப்லெஸ் என்று நினைத்துக்கொள்வார்கள், அங்கேதான் ஏமாற்றம். டயரின் பக்கவாட்டில் டியூப்லெஸ் என்று எழுதியிருந்தாலும், பழைய வண்டியாக வாங்கியிருந்தால் முன்னாள் சொந்தக்காரர் பஞ்சர் தாங்காமல் உள்ளே டியூப் போட்டிருக்கலாம். நம் ஊரில் இது சகஜம். வால்வுத் தண்டை ரிம்முக்குள் தள்ளிப் பாருங்கள். டியூப்லெஸ் வால்வு ரிம்மோடு இறுக்கிப் பிடித்திருக்கும். டியூப் வால்வு கொஞ்சம் உள்ளே போகும், அல்லது அடியில் ஒரு சின்ன நட்டு இருக்கும். சந்தேகம் தீரவில்லை என்றால் அடுத்த தடவை காற்று அடிக்கிற கடையில் கேட்டுவிடுங்கள்.

3. பஞ்சர் சாமான்: கிட்டில் பாதி இதற்குத்தான்

மதுரையைச் சுற்றி நான் ரோட்டோரம் நின்றதெல்லாம் பெரும்பாலும் டயரால்தான், இன்ஜினால் அல்ல. ஊரைச் சுற்றிக் கட்டட வேலை நடக்கிற ரோட்டோரங்களில் ஆணியும் கம்பித் துண்டும். மானாமதுரை, திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் போனால் சீமைக்கருவேல முள். வெட்டிய கருவேலத்தை டிராக்டரில் ஏற்றிப் போகும்போது உதிர்வது தார் ரோட்டிலேயே கிடக்கும். ஆணி கண்ணுக்குத் தெரியும். முள் உள்ளே போய் ஒடிந்து, வெளியே ஒரு கரும்புள்ளியை மட்டும் விட்டுவைக்கும். காற்று ராத்திரியோடு ராத்திரியாக இறங்கிவிடும்.

டியூப்லெஸ் டயருக்கு: துளையைத் தேய்க்கிற ரீமர், ஸ்டிரிப் (துளையை அடைக்கிற ரப்பர் திரி) செலுத்துகிற ஊசி, ஐந்தாறு ஸ்டிரிப், ரப்பர் சொலியூஷன், கட்டிங் பிளேயர், பிளேடு. ரீமரும் ஊசியும் ‘டி’ வடிவப் பிடியாக இருக்கட்டும். திருப்புளி மாதிரி நேர்ப்பிடி உள்ளவை விலை குறைவு, ஆனால் உடம்பின் எடையைப் போட்டு அழுத்தும்போது உள்ளங்கையைக் கிழிக்கும், ஊசியும் வளையும்.

செய்கிற வரிசை:

முதலில் எல்லாவற்றையும் துணியில் எடுத்து வையுங்கள், ஸ்டிரிப்பை ஊசியில் கோத்துவிடுங்கள். ஆணியைப் பிடுங்குவது அதற்குப் பிறகுதான். “அண்ணே, ஆணியைப் புடுங்கிட்டேன்ணே” என்று ஒரு தம்பி பெருமையாகக் கையில் காட்டினான். பை அப்போது இன்னொரு வண்டியில், ஐந்து கிலோமீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தது. ஆணி இருக்கும் வரை காற்று மெதுவாகத்தான் போகும். மெதுவாக உருட்டியாவது நல்ல இடத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம்.

ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று கவனித்துப் பிடுங்குங்கள். ரீமரை அதே சாய்வில் செலுத்தி எட்டு, பத்துத் தடவை முன்னும் பின்னும் இழுக்க வேண்டும். கை வலிக்கும். இரண்டு தடவையோடு விட்டால் ஸ்டிரிப் உள்ளே போகாது, போனாலும் வழவழப்பான சுவரில் பிடிக்காது.

ஊசியில் ஸ்டிரிப்பின் இரண்டு முனையும் சமமாகத் தொங்கட்டும். சொலியூஷன் தடவி, வெளியே ஒரு விரல் அகலம் மிஞ்சும் வரை அழுத்துங்கள். பிறகு ஊசியைத் திருகாமல் ஒரே வெட்டாக இழுங்கள். தயங்கித் தயங்கி இழுத்தால் ஸ்டிரிப்பும் கூடவே வந்துவிடும். மிச்சத்தை டயர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டுங்கள், ஒட்ட வெட்டாதீர்கள்.

காற்று அடித்து, எச்சிலோ தண்ணீரோ தொட்டு வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். டயரின் பக்கவாட்டில் ஓட்டை என்றால் இந்த வேலையே கூடாது. அந்த இடம் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரியும், ஸ்டிரிப் நிற்காது. வண்டியை டெம்போவில் ஏற்றுவதுதான் வழி.

டியூப் டயருக்கு: முன்னுக்கும் பின்னுக்கும் அளவு பார்த்து ஒவ்வொரு டியூப், டயர் லீவர் இரண்டு, வால்வு பின் கழற்றுகிற சின்னச் சாவி, ஆக்சில் ஸ்பேனர்கள். ஒட்டுப்போடுகிற சாமானை நான் விட்டுவிட்டேன். வெயிலில் உட்கார்ந்து ஒட்டுப்போடுவதைவிடப் புது டியூப்பை மாட்டிக்கொண்டு, பழையதை ஊருக்கு வந்து ஒட்டிக்கொள்ளலாம்.

“எனக்கு டயர் கழற்றத் தெரியாதே” என்கிறவர்களுக்கும் சொல்கிறேன், டியூப்பை மட்டுமாவது வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சர் கடை கிராமத்திலும் இருக்கும், உங்கள் அளவு டியூப்தான் இருக்காது. கடைக்காரர் கையும் உங்கள் டியூப்பும் சேர்ந்தால் அரை மணியில் கிளம்பிவிடலாம்.

புது டியூப் மாட்டும்போது மூன்று இடத்தில் சறுக்குவார்கள். ஒன்று, முள்ளை எடுக்காமல் மாட்டுவது. டயரின் உட்புறம் முழுக்கத் துணியைச் சுற்றிய விரலால் தடவுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறும் விரலால் தடவாதீர்கள், கருவேல முள் குத்தினால் இரண்டு நாள் கடுக்கும். இரண்டு, டியூப்பைத் தட்டையாகவே உள்ளே திணிப்பது. உருண்டை வடிவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காற்று அடித்துவிட்டு வைத்தால் மடியாது. மூன்று, டயர் விளிம்பின் கடைசி ஒரு சாண் அளவை லீவர் போட்டு நெம்புவது, அங்கேதான் லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, அடுத்த ஓட்டை விழும். எதிர்ப்பக்க விளிம்பை மிதித்து ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறக்கினால், கடைசிப் பகுதி அதிகம் நெம்பாமலே ஏறிக்கொள்ளும்.

காற்றுக்கு என்ன வைப்பது? ரீசார்ஜ் பம்பு சின்னது, சத்தம் இல்லாமல் பையில் கிடக்கும், அளவும் காட்டும். ஆனால் சார்ஜ் போட மறப்பது நம் வழக்கம். நான் சைக்கிளுக்கு விற்கிற சின்னக் கைப்பம்பு ஒன்றைக் கூடவே வைத்திருக்கிறேன், கார், பைக் வால்வுக்குப் பொருந்துகிற வாய் உள்ளதாகப் பார்த்து வாங்கியது. நூறு, இருநூறு தடவை அடிக்க வேண்டும்தான். ஒரு வருஷம் மாட்டுப் பொங்கல் அன்று பாலமேட்டுக்குப் போகிற வழியில் டயர் இறங்கிவிட்டது. ஒரு பஞ்சர் கடை திறந்திருக்கவில்லை, ரீசார்ஜ் பம்பில் சிவப்பு விளக்கு. அன்றைக்கு ஊர் சேர்த்தது கைப்பம்புதான்.

4. ஸ்பேனர் வாங்குவது

இப்போது நோட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். செட்டாகக் கேட்காதீர்கள், நம்பர் சொல்லித் தனித்தனியாகக் கேளுங்கள்.

ஒரு பக்கம் ரிங், மறுபக்கம் திறந்த வாய் உள்ள காம்பினேஷன் ஸ்பேனர் நல்லது. இறுகியதைத் தளர்த்த ரிங், பிறகு வேகமாகச் சுற்றத் திறந்த வாய். இரண்டு பக்கமும் திறந்த வாயாக இருந்தால் நட்டின் முனை உருண்டுபோகும், அதன் பிறகு எந்த ஸ்பேனரும் பிடிக்காது. எந்த நட்டு போல்ட்டை இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டுமோ அந்த நம்பரில் மட்டும் இரண்டு.

அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்று போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது நட்டைத் தின்றுவிடும். இரண்டாவது பிடியாக எதிர்ப்பக்கம் பிடிக்க மட்டும் பரவாயில்லை.

பிளக் ஸ்பேனர் கம்பெனிப் பையில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பிளக்கின் அளவு பார்த்து 16 அல்லது 18 மி.மீ. வாங்குங்கள். ஆலன் கீயில் உங்கள் வண்டிக்கு வேண்டியவை மட்டும், பெரும்பாலும் 4, 5, 6. திருப்புளி ஒன்று, முனை மாற்றிப் போடுகிற வகை. கட்டிங் பிளேயர் ஏற்கெனவே பஞ்சர் சாமானில் வந்துவிட்டது.

5. உதிரி பாகங்கள்

கிளட்ச் கேபிள்: உங்கள் மாடலுக்கு உரியது. இதைப் பையில் வைக்காதீர்கள். ஓடுகிற கேபிளை ஒட்டியே புதியதையும் ஓடவிட்டு, முனைகளை டேப் சுற்றி, அங்கங்கே டை போட்டுக் கட்டிவிடுங்கள். அறுந்தால் முனைகளை மட்டும் மாற்றினால் போதும், டேங்கைத் தூக்க வேண்டாம். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, எங்கேயும் இழுபடவில்லையே என்று பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.

பியூஸ்: உங்கள் பெட்டியில் உள்ள ஒவ்வொரு ஆம்பியருக்கும் இரண்டு. பல வண்டிகளில் பெட்டியிலேயே உபரி இருக்கும், அது எப்போதோ பயன்பட்டுக் காலியாகியிருக்கும், பாருங்கள். பியூஸ் இல்லாத இடத்தில் சிகரெட் அட்டைத் தகடும் கம்பியும் வைப்பது பழைய பழக்கம். கோளாறு இருந்தால் பியூஸ் எரிவதற்குப் பதில் ஒயரிங் எரியும்.

செயின் லாக் (செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற கிளிப் கண்ணி): செயினில் லாக் போட்ட வகை என்றால் மட்டும், அதே நம்பரில் ஒன்று. கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடுகிற திசையைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டால் எதிலாவது உரசிக் கழன்று விழும். லாக் இல்லாத ரிவிட் செயினுக்கு இது பயன்படாது, இடத்தை அடைக்கும்.

ஸ்பார்க் பிளக் ஒன்று. மலைக்குப் போவதாக இருந்தால் கிளட்ச் லீவரும் ஒன்று, நின்ற இடத்தில் சாய்ந்தாலே முறிகிற சாமான் அது.

6. ஒட்டுகிற, கட்டுகிற சாமான்

இன்சுலேஷன் டேப், பத்துப் பதினைந்து கேபிள் டை, ஒரு முழம் கட்டுக் கம்பி, எம்-சீல், பழைய டியூப்பிலிருந்து வளையமாக வெட்டிய ரப்பர் நாலைந்து, தலையில் மாட்டுகிற டார்ச். கை விளக்கு வேண்டாம், அதை யாராவது பிடிக்க வேண்டும், தனியாகப் போனால் வாயில் கவ்வ வேண்டும். கையுறை, ஒரு பழைய வேட்டித் துண்டு. முதலுதவிக்குக் கட்டுத்துணியும் பேண்டேஜும் தனிப் பையில், கிரீஸ் படாமல்.

7. பொதிவது

பழைய ஜீன்ஸ் காலை வெட்டித் தெருமுனை டெய்லரிடம் கொடுத்தால், ஸ்பேனருக்கு ஒரு பட்டை, பிளேயருக்கு ஒரு பட்டை என்று தைத்துத் தருவார். சுருட்டிக் கட்டிக்கொள்ளலாம். இதில் அழகைவிட ஒரு காரணம் இருக்கிறது: இரும்போடு இரும்பு உரசாது, விரித்தவுடன் எது இல்லை என்று தெரியும்.

ஸ்பேனர்களை இரண்டு சொட்டு ஆயில் தொட்ட துணியால் துடைத்து வையுங்கள். ஐப்பசி மழையில் ஒரு தடவை நனைந்தால் துருப் பிடிக்கத் தொடங்கிவிடும்.

டியூப்பை ஒருபோதும் ஸ்பேனரோடு ஒரே பையில் போடாதீர்கள். வண்டி அதிர்வில் உரசி உரசி, புது டியூப்பே ஓட்டையாகிவிடும். பவுடர் தூவி, மடித்து, துணியில் சுற்றித் தனியாக வையுங்கள். வால்வு வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிராமல் மடிப்புக்கு நடுவில் வரட்டும்.

சொலியூஷனும் எம்-சீலும் ஒரு சின்ன டப்பாவில். அவை கசிந்தால் மற்றதெல்லாம் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

8. எங்கே வைப்பது

முதுகுப் பையில் வைக்கக் கூடாது. விழுந்தால் முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில் அந்த இரும்புதான் இருக்கும். இது ஒன்றில் மட்டும் நான் யாரிடமும் விட்டுக்கொடுப்பதில்லை. ஜாக்கெட் பாக்கெட்டும் அதே கதைதான்.

கனமானது தாழ்வாகவும் வண்டியின் நடுவிலும் வர வேண்டும். சீட்டுக்கு அடியில் அல்லது சைடு கவருக்குள் இடம் இருந்தால் ஸ்பேனர் சுருள் அங்கே. இப்போதைய வண்டிகளில் அந்த இடம் கைக்குட்டை அளவுதான். அப்போது லெக் கார்டில் கட்டுகிற பை, அல்லது பின்சீட்டின் இரண்டு பக்கமும் தொங்குகிற சேடில் பை. பின் கேரியரின் கடைசியில் உயரமாகக் கட்டினால், கொண்டை ஊசியில் வண்டி பின்னால் இழுப்பது தெரியும்.

சேடில் பையில் சைலன்சர் பக்கம் துணிமணி வேண்டாம், பையும் சைலன்சரைத் தொடக் கூடாது. வார் முனைகளை மடித்து டேப் போடுங்கள். தொங்குகிற வார் செயினில் சிக்கினால் பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். லெக் கார்டு பையை பஸ் ஸ்டாண்டு, கோயில் பார்க்கிங்கில் விட்டுவிட்டுப் போனால் திரும்பும்போது இருக்கும் என்று நம்பாதீர்கள், கழற்றி எடுத்துப் போகிற மாதிரி கட்டுங்கள்.

மாசி முடிந்ததும் ரீசார்ஜ் பம்பையும் பவர் பேங்கையும் வெயிலில் நிற்கிற வண்டிக்குள் விடாதீர்கள். கோடையில் மதுரையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தொடுகிறது, சீட்டுக்கு அடியில் இன்னும் கூடும், லித்தியம் பேட்டரிக்கு அது ஆகாது.

9. வாசலில் ஒத்திகை

கிட் தயாரானதும், இரவல் செட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பையில் உள்ளதை மட்டும் வைத்து இவற்றைச் செய்து பாருங்கள்: சைடு கவரைக் கழற்றி ஒரு பியூஸை எடுத்துப் போடுவது, பேட்டரி முனையை இறுக்குவது, பிளக்கைக் கழற்றி மாட்டுவது, செயினைச் சரிசெய்வது. டியூப் டயர் என்றால் பின் வீலைக் கழற்றி மாட்டுவதும் உண்டு. டியூப்லெஸ் என்றால், பஞ்சர் கடையில் தூக்கிப் போட்ட டயர் ஒன்றைக் கேட்டு வாங்கி இரண்டு ஸ்டிரிப் போட்டுப் பழகுங்கள்.

பிளக்கைக் கையாலேயே மூன்று நான்கு சுற்று ஏற்றிய பிறகுதான் ஸ்பேனர். முதல் சுற்றிலேயே ஸ்பேனர் போட்டால் மரை தப்பி ஏறும். இன்ஜின் ஹெட்டில் மரை போனால் செலவு பெரிது. இன்ஜின் சூடாக இருக்கும்போது இந்த வேலையும் வேண்டாம்.

ஒத்திகையில் எது கைக்கு வரவில்லையோ அதைச் சேருங்கள். எதைத் தொடவே இல்லையோ, என்னவென்று உங்களுக்கே தெரியாதோ, அதை வீட்டில் விடுங்கள். என் பை, பம்பு உட்பட மூன்று கிலோவுக்குள் நிற்கிறது. ஆரம்பத்தில் ஏழு கிலோ சுமந்தவன்தான் நானும்.

10. ரோட்டில் நின்றுவிட்டால்

பையைப் பிரிப்பதற்கு முன் வண்டியை ரோட்டிலிருந்து முழுசாக இறக்குங்கள். நான்கு வழிச் சாலையில் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே, மலையில் வளைவைத் தாண்டி நேராக ரோடு தெரிகிற இடத்தில். வளைவிலேயே குனிந்து உட்கார்ந்தால் இறங்கி வருகிற பஸ் டிரைவருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஸ்பேனரைத் தொடாமலே பார்க்க வேண்டியவை: கில் சுவிட்ச் (ஹேண்டிலில் இன்ஜினை அணைக்கிற சுவிட்ச்), சைடு ஸ்டாண்டு, பெட்ரோல், கியர் நியூட்ரலில் இருக்கிறதா. சைடு ஸ்டாண்டு இறங்கியிருந்தால் பல புது வண்டிகள் கிளம்பாது. கில் சுவிட்சில் கை பட்டது தெரியாமல் பிளக் வரை கழற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஒருமுறை கழற்றியிருக்கிறேன், வத்தலக்குண்டு தாண்டி, ஒரு டீக்கடை ஆட்கள் முன்னிலையில்.

சாவி போட்டும் ஒரு விளக்கும் எரியவில்லை என்றால் பேட்டரி முனை, பிறகு பியூஸ். விளக்கு எரிகிறது, ஸ்டார்ட்டர் டக் டக் என்று மட்டும் சொல்கிறது என்றால் பேட்டரி இறங்கிவிட்டது. பழைய கார்புரேட்டர் வண்டியைத் தள்ளிக் கிளப்பிவிடலாம். 2020க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோல் பம்பை பேட்டரியில்தான் ஓட்டுகின்றன. பேட்டரி முழுசாகச் செத்திருந்தால் எவ்வளவு தள்ளினாலும் மூச்சுதான் வாங்கும்.

கழற்றுகிற நட்டு, வாஷர் எல்லாம் வேட்டித் துண்டின் மேல், கழற்றிய வரிசையிலேயே இடமிருந்து வலமாக. திரும்ப மாட்டுவது வலமிருந்து இடமாக. வீலைக் கழற்றி மாட்டினால், கிளம்புவதற்கு முன் பிரேக்கை நாலைந்து தடவை அழுத்திப் பிடிப்பு வருகிறதா என்று பார்க்காமல் நகராதீர்கள். டிஸ்க் பிரேக்கில் வீல் வெளியே இருக்கும்போது லீவரை அழுத்தவும் கூடாது, பேட் நெருங்கிக்கொண்டு டிஸ்க் உள்ளே நுழையாது.

அடிபட்டிருந்தால் வண்டியை அப்படியே விட்டுவிட்டு 108க்கு அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033.

11. திரும்பி வந்ததும்

பயன்படுத்திய ஸ்டிரிப், பியூஸ், டியூப் அன்றைக்கே வாங்கித் திரும்பப் பைக்குள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அது அடுத்த பஞ்சர் வரை போகும். சொலியூஷன் ஒருமுறை திறந்தால் சில மாதத்தில் அதன் குப்பிக்குள்ளேயே காய்ந்துவிடும், அமுக்கிப் பார்த்தால் கல்லாக இருக்கும். டேப் வெயிலில் பிசுபிசுத்துவிடும். பங்குனியில் ஒரு தடவை, ஐப்பசி மழைக்கு முன் ஒரு தடவை பையைக் கொட்டிப் பாருங்கள்.

கிட்டில் காணாமல் போகிற முதல் சாமான் எப்போதும் 10 நம்பர் ஸ்பேனர். பக்கத்து வீட்டில் யாரோ “தம்பி, ஒரு நிமிஷம்” என்று வாங்கியிருப்பார்கள். நான் இரவல் கொடுப்பதற்கென்றே வீட்டில் இன்னொரு 10 வைத்திருக்கிறேன்.